வட்டக்கானல் ஒலி வீரபாண்டிக்கு வருமா?

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கும் தேனியை ஒட்டிய வீரபாண்டிக்கும் நடுவே பழனிமலையின் ஒரு சரிவுதான் இருக்கிறது. மேலே, இஸ்ரேலிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து தங்கிப்போகும் பயணிகளால் சைக்கடெலிக் டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசை பல ஆண்டுகளாகப் பழகிய ஒலி. கீழே, முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில், அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வரும் கூட்டத்துக்கு முன்னால் மேளம் ஓய்வதில்லை. இரண்டும் இரவுக்கான இசை. இரண்டும் உடம்பை ஆட்டிவைக்கப் பிறந்தவை. ஆனால் ஒன்றின் கூட்டத்துக்கு மற்றதைத் தெரியாது. போடி, பொட்டிபுரம், சின்னமனூர், கம்பம் என்று இந்தப் பள்ளத்தாக்கில் வளரும் இளைஞரிடம் மேலேயுள்ள இசை பெரும்பாலும் போலீஸ் ரெய்டு செய்தியாகத்தான் வந்து சேர்கிறது. 2020 பிப்ரவரியில் கொடைக்கானல் மலையின் குண்டுப்பட்டியில் நடந்த இரவு விருந்தைக் காவல்துறை கலைத்து, இருநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது அப்படியொரு செய்தி. ஒரு சிறு வட்டத்துக்குள் புழங்கும் இப்படிப்பட்ட மின்னணு நடன இசை என்றைக்காவது வெகுஜன இசையாக முடியுமா? உலகெங்கும் கேட்கப்படும் இந்தக் கேள்வியைத் தேனி மாவட்டத்து மண்ணில் வைத்துக் கேட்டால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கிறது.

விடையில் குழப்பம் வரக் காரணம், கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பதுதான். ஓர் இசைவகை வெகுஜனத்திடம் போகிறது என்றால் அதன் ஒலி போகலாம். அதன் பெயர் போகலாம். அதை உண்டாக்கிய மனிதர்கள் போகலாம். மூன்றும் ஒரே வண்டியில் ஏறுவது அபூர்வம். ஒலி எளிதில் போய்விடும். ஒரு கருவியின் குரலையோ ஒரு தாளத்தின் நடையையோ கேட்டு எடுத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி தேவையில்லை. பெயர் போவது அதைவிடக் கடினம். ஆட்கள் போவது எல்லாவற்றிலும் கடினம். வரலாற்றைப் புரட்டினால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஒலி எவ்வளவு புதுமையானது என்பது இதில் எதையும் தீர்மானிப்பதில்லை. அந்த இசைக்கு அடியில் எப்படிப்பட்ட மக்கள் நிற்கிறார்கள், அவர்கள் கூடி ஆடுவதற்கு ஏற்கெனவே ஒரு சந்தர்ப்பம் இருக்கிறதா, அந்தச் சந்தர்ப்பத்தை நடத்தும் சாதனங்கள் யார் கையில் இருக்கின்றன என்பவைதான் தீர்மானிக்கின்றன. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒலி மட்டும் இருந்து மக்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே தெளிவான சான்று இருக்கிறது. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-ல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சின்தசைசரில் வாசித்த தட்டு அது. அவர் பயன்படுத்தியவை ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்னும் பேஸ் கருவியும் டிஆர்-808 என்னும் தாளக் கருவியும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987-ல், சிகாகோவைச் சேர்ந்த ஃபியூச்சர் என்ற குழு அதே டிபி-303-ஐத் திருகி ஒரு பாடலைச் செய்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்து தொடங்கியது என்று உலகம் எழுதிவைத்தது. சிங்கின் தட்டு விற்கவில்லை. பழைய தட்டுக் கடைகளில் தூசியேறிக் கிடந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் 2010-ல் மறுபதிப்புச் செய்த பிறகுதான் மேலைநாட்டு ரசிகர்கள் வியந்து பார்த்தார்கள். சிங் 2015-ல் மறைந்தார். இரண்டு தட்டுகளின் ஒலியிலும் நம்ப முடியாத ஒற்றுமை உண்டு. வேறுபாடு, அந்த ஒலிக்கு ஆடும் கூட்டம் சிகாகோவில் இருந்தது, பம்பாயில் இல்லை என்பதே. பம்பாயில் அது ஒரு தனிக் கலைஞரின் சோதனையாக முடிந்தது. சிகாகோவில் வாராவாரம் ஒரே கட்டடத்தில் கூடி விடியும்வரை ஆடிய மக்கள் அதைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள்.

அந்த மக்கள் யார் என்பது முக்கியம். 1977-ல் சிகாகோவில் தொடங்கிய வேர்ஹவுஸ் என்ற நடனக் கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றினார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களில் பலர் ஓரினச் சேர்க்கையாளர்கள். நகரத்தின் மற்றக் கூடங்களில் அவர்களுக்கு இடமில்லை. 1979 ஜூலை 12 அன்று அதே நகரத்தின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வெறுப்பின் நிழலில் வளர்ந்ததுதான் ஹவுஸ் இசை. தாங்களாகத் தேடிக்கொண்ட மறைவு இல்லை அது, சமூகம் தள்ளிவைத்த மறைவு. பத்தே ஆண்டுகளில் அந்த ஒலி கடல் கடந்தது. 1987 ஜனவரியில் சிகாகோவின் ஸ்டீவ் ஹர்லி செய்த ஒரு ஹவுஸ் பாடல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1998-ல் கிராமி விருதுகளில் நடன இசைப்பதிவுக்குத் தனிப் பிரிவே உண்டாயிற்று. அதே ஆண்டு ஃபிராங்கி நக்கிள்ஸுக்கும் கிராமி கிடைத்தது. ஒலி, பெயர் இரண்டும் போய்ச் சேர்ந்தன. ஆட்களில் சிலர் சேர்ந்தார்கள், பலர் சேரவில்லை. ஆனாலும் இது வெற்றிக் கதைதான். ஒதுக்கப்பட்டதால் ஒன்றுகூடிய ஒரு சமூகம் அதற்கு அடியில் இருந்ததே அந்த வெற்றிக்குக் காரணம்.

கோவாவின் கதை இதற்கு நேர் எதிர். கலிபோர்னியாவில் பிறந்து 1970 வாக்கில் கோவா வந்துசேர்ந்த கோவா கில் போன்றவர்கள் அஞ்சுனா கடற்கரையில் நடத்திய பௌர்ணமி இரவுகளில்தான் கோவா டிரான்ஸ் உருவாயிற்று. 1994 டிசம்பரில் பிரிட்டிஷ் டிஜே பால் ஓகன்ஃபோல்ட் பி.பி.சி. வானொலியில் கோவாவின் பெயரிலேயே இரண்டு மணிநேரத் தொகுப்பு ஒன்றை ஒலிபரப்பினார். இஸ்ரேலில் படைச்சேவை முடித்துப் பயணம் வந்த இளைஞர்கள் அந்த இசையைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துப்போக, அங்கே அது உண்மையாகவே வெகுஜன இசையாயிற்று. போர்ச்சுகலிலும் ஹங்கேரியிலும் பல்லாயிரவர் கூடும் டிரான்ஸ் திருவிழாக்கள் இன்றும் நடக்கின்றன. இந்திய ஊரின் பெயரைத் தாங்கிய ஓர் இசை உலகைச் சுற்றிவிட்டது; இந்தியாவில் மட்டும் அது ஒரு சிறு வட்டத்தைத் தாண்டவில்லை. அஞ்சுனாவின் மீனவரும் டீக்கடைக்காரரும் டாக்ஸி ஓட்டுநரும் அந்த விருந்தைச் சுற்றிப் பிழைத்தார்களே தவிர, அதில் ஆடும் சமூகமாக மாறவில்லை. 2007-ல் கோவாவில் தொடங்கிய சன்பர்ன் திருவிழா மின்னணு நடன இசையை இந்திய நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அது நுழைவுச்சீட்டு விலையாலும் பெருநிறுவன விளம்பரத்தாலும் வளர்ந்த சந்தை. வட்டக்கானலில் ஒலிப்பது கோவா டிரான்ஸின் கிளைதான். அது மறைவில் இருக்கக் காரணம், பங்கேற்போர் தேர்ந்துகொண்ட தனிமை. மலையடிவார ஊர்களில் அதற்காகக் காத்திருக்கும் மக்கள் யாரும் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் அமாபியானோ இந்த இரண்டு கதைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். 2010-களில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களின் புறநகர்க் கறுப்பினக் குடியிருப்புகளில் பிறந்த மின்னணு நடன இசை அது. இளைஞர்கள் வீட்டுக் கணினியில் செய்த பாடல்களை வாட்ஸ்அப்பிலும் பென் டிரைவிலும் பகிர்ந்தார்கள். ஷேர் டாக்ஸிகளாக ஓடும் வேன்களின் ஸ்பீக்கர்களில் அது ஊரெல்லாம் பரவியது. வானொலி நிலையங்கள் பின்னால்தான் விழித்துக்கொண்டன. 2024-ல் அந்த ஒலியைக் கலந்து பாடிய டைலா என்ற இளம்பெண்ணுக்கு ஆப்பிரிக்க இசைக்கெனப் புதிதாக உண்டான கிராமி விருது கிடைத்தது. பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்த வழித்தடம் புதிதல்ல. விடியற்காலையில் போடியிலிருந்து கிளம்பி, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை இறக்கும் ஜீப்புகளில் என்ன பாட்டு ஓடுகிறதோ அதுதான் இங்கே ஹிட் பாட்டு. ஒரு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் காய் எடுக்கும் பெண்களும் மருந்தடிக்கும் ஆண்களும் எந்தச் செயலியிலும் பாட்டுத் தேடுவதில்லை; ஓட்டுநரின் பென் டிரைவ்தான் அவர்களுடைய வானொலி. அந்த பென் டிரைவில் இடம்பிடிக்காத எந்த இசையும் இந்த மலைச்சரிவில் வெகுஜன இசை ஆகாது.

தமிழ்நாட்டில் அந்த இடத்துக்குப் போகப் பெரிய வாசல் சினிமா. அந்த வாசலை இந்தப் பள்ளத்தாக்கைப் போல அறிந்த வட்டாரம் வேறு இருக்க முடியாது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனின் பாட்டுக்குழு 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக எஸ்டேட் தொழிலாளர்களிடையே பாடியது. மேட்டுக்குடி மேடைகளுக்கு வெளியே, தோட்டத்து லயங்களிலும் தெருமுனைகளிலும் புழங்கிய பாட்டு அது. அந்தக் குழுவில் வளர்ந்த இளையராஜா 1976-ல் ‘அன்னக்கிளி’ வழியாகச் சினிமாவுக்கு வந்ததும் இந்த மண்ணின் மெட்டு தமிழ்நாடு முழுவதற்கும் சொந்தமாயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 1986-ல், அவரே ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் கணினி வழி நிரல்படுத்திய மின்னணு ஒலியைக் கொண்டுவந்தார். மேலைநாட்டு நடனக் கூடங்களில் அப்போதுதான் தலையெடுத்த கருவிகளின் குரல் அதே ஆண்டுகளில் நம் டூரிங் டாக்கீஸ் வரைக்கும் வந்துவிட்டது. 1994-ல் ஏ.ஆர். ரகுமான் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாட்டில் மின்னணுத் தாளத்தின் மேல் தேனி குஞ்சரம்மாவின் நாட்டுப்புறக் குரலை வைத்தார். அது தமிழகத்தையே ஆட்டிவைத்தது. ஆக, மின்னணு நடன ஒலி தமிழர்களுக்கு அந்நியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாற்பது ஆண்டுகளாக அதைக் கேட்டுத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் சினிமா ஒலியை மட்டும் உள்ளே விடும். டிஸ்கோ வந்தது, டெக்னோ வந்தது, டப்ஸ்டெப் வந்தது. எதுவும் தன் பெயரோடு வரவில்லை, ஐந்து நிமிடப் பாட்டின் இடையிசையாகத்தான் வந்தது. வாசல் பெரிது, ஆனால் நுழைபவர் பெயரை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

இணையம் அந்த வாசலை உடைத்துவிட்டதே, இனிச் சினிமா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்விதான். 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ எந்தப் படத்திலும் இல்லாத பாட்டு. சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகர்கள் தீ, அறிவு இருவரும் பாடியது. யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்டது. ஒப்பாரியின் சாயலும் நடனத் தாளமும் கலந்த அந்தப் பாட்டின் அடியில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறைக் கதை இருந்தது. கங்காணி காலத்திலிருந்து மலைத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிப் பழகிய எந்தத் தமிழ் ஊருக்கும் அது சொந்தக் கதை. அந்தப் பாட்டு வெகுஜனத்தைத் தொட்டதற்கு யூடியூப் கருவி. காரணம் அந்த மக்கள். அதன் பிறகு நடந்தவையும் நம் வாதத்துக்குச் சான்று. பாட்டு யாருடையது, பெயர் யாருக்கு என்ற கருத்து வேறுபாடு 2022-ல் பொதுவெளிக்கு வந்தது. தங்களுக்கு அந்தப் பாட்டிலிருந்து வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். இணையம் ஒலியை ஒரே இரவில் உலகுக்குக் கொண்டுபோகும். பெயரையும் பணத்தையும் கொண்டுபோகும் பொறுப்பை அது ஏற்பதில்லை. சினிமா வாசலில் இருந்த அதே சிக்கல், வேறு கதவில் காத்திருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வாசல் உண்டு. ஆய்வாளர்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. அது ஊர்த் திருவிழா. சாட்டுதல் நடந்து காப்புக் கட்டிய நாளிலிருந்து ஊர் முழுக்க மைக் செட் கட்டப்படுகிறது. முளைப்பாரி கிளம்பும் நேரத்துக்கு மேளம். இரவில் கரகாட்டம் அல்லது ஆடல் பாடல் நிகழ்ச்சி. இப்போது பல ஊர்களில் வண்டியில் பாக்ஸ் அடுக்கி ஊர்வலத்தோடு நகரும் டிஜே. இந்த டிஜே வாசிப்பதைக் கூர்ந்து கேட்டால் ஒரு விஷயம் புரியும். சைக்கடெலிக் டிரான்ஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 முதல் 150 அடி விழும். ஒவ்வோர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே மூன்று சிறு பேஸ் துளிகள். அடியோடு சேர்த்து நான்கு. நம் குத்து அடியை மூன்றாகப் பிரிக்கிறது. ‘தகிட தகிட’ என்ற திஸ்ர நடை. வேகத்தில் பெரிய தூரமில்லை, உட்பிரிவில்தான் வேறுபாடு. பெரிய அடியை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் நான்காக ஓடும் துளிகளை மூன்றாக மாற்றினால் டிரான்ஸ் குத்தாகிவிடும். டிரான்ஸ் கலைஞர்களும் உச்சக்கட்டத்தில் இந்த மும்மை ஓட்டத்தைக் கையாள்வதுண்டு. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் எஃப்.எல். ஸ்டுடியோ என்னும் இசைச் செயலி வைத்திருக்கும் நம் ஊர் இளைஞர்கள், பழைய சினிமாப் பாட்டுக்கு அடியில் புதிய அடியைக் கோத்துக் குத்து ரீமிக்ஸ் செய்யும்போது பெயர் தெரியாமலே இதைத்தான் செய்கிறார்கள். தமிழ்நாட்டின் உண்மையான அண்டர்கிரவுண்ட் நடன இசை, வட்டக்கானலில் இல்லை, இந்த பாக்ஸ் அடுக்கில் இருக்கிறது. அதற்கு மக்கள் இருக்கிறார்கள், சந்தர்ப்பம் இருக்கிறது, சாதனமும் உள்ளூர் மைக் செட் காரரின் கையில் இருக்கிறது. இல்லாதது பெயர் ஒன்றுதான்.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, தமிழருக்குச் சொல் வேண்டும் என்பது. பாட்டு வரி இல்லாமல், கதாநாயகன் முகம் இல்லாமல், வெறும் தாளத்துக்கு மணிக்கணக்கில் ஆட நம் மக்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே மின்னணு நடன இசை இங்கே சினிமாப் பாட்டுக்குள் கரைந்துதான் வாழ முடியும் என்கிறார்கள். தென்மாவட்டங்களின் தேவராட்டம் இந்த மறுப்பைத் தகர்க்கிறது. ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தார் ஆடும் தேவராட்டத்தில் பாட்டே கிடையாது. தேவதுந்துபி என்னும் தோற்கருவி ஒலிக்க, காலில் சலங்கையும் கையில் துணியுமாக வரிசையில் நின்று, அடவு மாற்றி அடவு மாற்றி நீண்ட நேரம் ஆடுவார்கள். தாளம் மெல்ல இறுகி ஆட்டத்தை மேலே ஏற்றும். சொல் இல்லாத, கட்டுமானத்தால் மட்டுமே கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் நடன இசையில் போடி ஜமீன் வட்டாரத்துக்குப் பல தலைமுறைப் பயிற்சி இருக்கிறது. உறுமி மேளத்துக்கும் பறைக்கும் சாவு வீட்டிலும் கோயில் வாசலிலும் ஆடுபவர் எந்த வரியைக் கேட்டு ஆடுகிறார்? சினிமாவிலிருந்தே எடுத்துக்காட்டு வேண்டுமானால், 2011-ல் யுவன்சங்கர் ராஜா ‘மங்காத்தா’வுக்குச் செய்த முகப்பிசை வார்த்தை எதுவும் இல்லாமலே கைப்பேசி அழைப்பொலியாகவும் டிஜே இசையாகவும் ஊரெல்லாம் ஒலித்தது. சொல் நமக்குப் பிடிக்கும். சொல் இல்லாவிட்டால் ஆட மாட்டோம் என்பது உண்மையல்ல.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. கரைந்துபோவதை வெற்றி என்று சொல்லலாமா? டிரான்ஸ் இசையின் உயிர் அதன் நீளத்தில் இருக்கிறது. ஏழெட்டு நிமிடத் துண்டுகள் ஒன்றோடொன்று பின்னி, இரவு தொடங்கி வெயில் ஏறும்வரை ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். அதை முப்பது விநாடி ரீல்ஸ் துண்டாகவும் சினிமாப் பாட்டின் இடையிசையாகவும் வெட்டினால் மிஞ்சுவது தோல்தான், உயிர் போய்விட்டது என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. சினிமா வழியும் ரீல்ஸ் வழியும் இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. ஆனால் திருவிழா வழியில் இந்த இழப்பு நேர வேண்டியதில்லை. இரவு முழுக்க விழித்திருப்பது நம் ஊர்களில் புதிய பழக்கம் அல்ல. கூத்தும் கரகாட்டமும் வள்ளித் திருமண நாடகமும் விடிய விடியத்தான் நடந்தன. நீண்ட இரவும், மெல்ல ஏறும் தாளமும், அருள் வந்து ஆடும் உடம்பும் ஏற்கெனவே இருக்கும் ஒரே இடம் திருவிழா. ஓர் இசைவகை சிதையாமல் வெகுஜனத்திடம் சேர வேண்டுமென்றால், அதன் நீளத்தைத் தாங்கும் சந்தர்ப்பம் அந்த மக்களிடம் முன்பே இருந்தாக வேண்டும். சிகாகோவில் அது சனிக்கிழமை இரவு. நமக்கு அது சாமி கும்பிடும் மூன்று நாள்.

மூன்றாவது மறுப்பைச் சட்டம் சொல்கிறது. இந்த இசை போகும் இடமெல்லாம் போதைப்பொருள் போகிறது. சத்தம் ஊரைக் கெடுக்கிறது. இது மறைவிலேயே இருப்பதுதான் நல்லது என்பது பலரது எண்ணம். போதைக்கு எதிரான கவலை உண்மையானது. கொடைக்கானல் மலையில் அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் குற்றத்தைத் தண்டிப்பதும் ஒரு தாளத்தைச் சந்தேகிப்பதும் வெவ்வேறு செயல்கள். பிரிட்டன் 1994-ல் இயற்றிய சட்டம் ஒன்று, திரும்பத் திரும்ப ஒலிக்கும் அடிகளைக் கொண்ட இசை என்று வரையறுத்தே திறந்தவெளி இரவுக் கூடுகைகளைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தந்தது. இசை அழியவில்லை, உரிமம் பெற்ற விலையுயர்ந்த கூடங்களுக்குள் போனது, ஏழை இளைஞர்கள் வெளியே நின்றார்கள். நம் ஊர்களிலும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் படியேறுவது ஆண்டுதோறும் நடக்கிறது. நேரக் கட்டுப்பாடும் ஆபாசத் தடையும் விதித்து நீதிமன்றம் அனுமதி தருகிறது. சத்தத்தைப் பொறுத்தவரை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதிகள் அவசியமானவை. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் தூங்க உரிமை உண்டு. 2013-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் காட்டில் திரியும் காட்டுமாட்டுக்கும் அமைதி வேண்டும். ஆண்டில் 15 நாட்கள் வரை நள்ளிரவு வரைக்கும் தளர்வு தர அந்த விதிகளே மாநில அரசுக்கு இடமளிக்கின்றன. நள்ளிரவோடு இரவு சுருங்குவது திருவிழா இசைக்கு இழப்புதான். அதை முன்மாலையிலேயே தொடங்கி ஈடுகட்ட வேண்டுமே ஒழிய, விதியை மீறி அல்ல. மறைவில் தள்ளினால் போதை குறையாது, கண்காணிப்புத்தான் குறையும். ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் சூழ்ந்து நிற்கும் திருவிழா வெளிச்சத்தில் எந்த நடன இசையும் காட்டுக்குள் நடப்பதைவிடப் பாதுகாப்பாகவே நடக்கும்.

ஆகவே விடையைத் தயக்கமின்றிச் சொல்லலாம். வட்டக்கானல் டிரான்ஸ் இப்போதிருக்கும் வடிவில், இப்போதிருக்கும் ஆட்களோடு தமிழ்நாட்டில் வெகுஜன இசை ஆகாது. அதன் ஒலி மட்டும் வரும், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. ஆனால் மறைவில் புழங்கும் மின்னணு நடன இசை ஒன்று தன் பெயரோடும் ஆட்களோடும் வெகுஜனத்திடம் போக முடியுமா என்று கேட்டால், முடியும். அந்த வாய்ப்பு இன்று திருவிழா பாக்ஸுக்குப் பின்னால் நிற்கும் இளைஞர்களுக்கு இருக்கிறது. அதற்கு அவர்கள் செய்ய வேண்டியது ஒன்று, நாம் செய்ய வேண்டியது ஒன்று. ரீமிக்ஸில் எத்தனை பேர் ஆடினாலும் அடிப்பாட்டின் உரிமை வேறொருவருடையது. பாட்டு எவ்வளவு பரவினாலும் ரீமிக்ஸ் செய்தவருக்கு அதில் சட்டப்படி எதுவும் சேராது. அவர்கள் சொந்த மெட்டில், உள்ளூர் உறுமியையும் தேவதுந்துபியையும் பதிவுசெய்து, தங்கள் பெயரில் வெளியிட வேண்டும். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பறிக்க முடியாத ராயல்டி உரிமையைத் தந்திருக்கிறது. அதைப் பெற, ராயல்டியைத் திரட்டித் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கருவி வாசித்த மேளக்காரரின் பெயரும் பங்கும் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். நம் பங்கு, அதை இசை என்று ஏற்பது. பறையும் கானாவும் ஒரு காலத்தில் சத்தம் என்று ஒதுக்கப்பட்டவை. ஒதுக்கியவர்களின் பிள்ளைகள்தான் இன்று அவற்றுக்கு ஆடுகிறார்கள். கல்லூரி இசைத்துறையும் பண்பாட்டுத் துறையும் பத்திரிகைகளும் இந்த பாக்ஸ் இசையைக் காதுகொடுத்துக் கேட்டு, செய்பவர் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினால், அடுத்த பத்தாண்டில் ஒலியும் பெயரும் ஆட்களும் ஒன்றாக மேலேறும் அரிய நிகழ்வு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே நடக்க முடியும். பண்ணைப்புரத்து மெட்டு உலகுக்குப் போன வழி நமக்குத் தெரியும். இம்முறை பாதை போட வேண்டியது சினிமா இல்லை, நாம்தான்.